சீஸ் ஆன (இறுகிப் பிடித்துக்கொண்ட) மினி டிராக்டர் இன்ஜின்: பிரித்துக் கட்டுவதா, மாற்றுவதா, தள்ளிவிடுவதா?

சித்திரை கடைசி வாரம், மதியம் மூன்று மணி இருக்கும். சோழவந்தான் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் ரோட்டவேட்டர் (மண்ணைக் கிளறும் சுழல் கலப்பை) போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். வண்டி 15 குதிரைத்திறன் மினி டிராக்டர். ஒற்றை சிலிண்டர் டீசல், தண்ணீரில் குளிரும் இன்ஜின். இரண்டு வரிசை முடித்துத் திரும்பும்போது சத்தம் கனத்தது. வேர் ஏதாவது சிக்கியிருக்கும் என்று ரோட்டவேட்டரைத் தூக்கினேன். தூக்கியும் இன்ஜின் முனகியது. பெயிண்ட் கருகிய வாடை வந்தது. ஆக்சிலேட்டரைக் குறைப்பதற்குள் ஒரு உதறல், அப்புறம் தோப்பில் அணில் கத்துவது மட்டும்தான் கேட்டது.

தப்பு என்னுடையதுதான். டெம்பரேச்சர் முள் வேலை செய்யாமல் போய் இரண்டு வருடம் ஆகிறது, அதை நான் சட்டை செய்யவில்லை. ரேடியேட்டர் முகத்தில் காய்ந்த புல்லும் மட்டைத் தூசியும் கம்பளி போர்த்தியதுபோல அப்பியிருந்தன. போதாததற்கு ஃபேன் பெல்ட்டும் அறுந்திருந்தது. அது அறுந்த பிறகு எத்தனை நிமிடம் ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. சாயங்காலம் வண்டி ஆறியபின் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் ‘டக்’ என்றது, அவ்வளவுதான். கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) நட்டில் ஸ்பானர் போட்டு, குழாய் செருகி முக்கினாலும் அசையவில்லை.

இரண்டு நாளைக்குள் மூன்று யோசனை வந்துவிட்டது. மச்சான், “இந்தக் கழுதைய இனிமே கட்டி மாரடிக்காதீங்க மாமா, வித்துருங்க” என்றார். டீக்கடையில் ஒரு பெரியவர், மானியத்தில் புதிது எடுக்கச் சொன்னார். ஸ்பேர் கடைக்காரர், “ஹாஃப் இன்ஜின் ஒண்ணு வருது, தூக்கி மாட்டிருவோம்” என்றார். வாடிப்பட்டி ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் எங்கள் மெக்கானிக் மட்டும் யோசனை சொல்லவில்லை. “பிரிச்சுப் பாக்காம என்னத்தண்ணே சொல்றது?” என்று என்னைத் திருப்பிக் கேட்டார்.

யோசனை சொன்ன அந்த மூன்று பேர் சொன்னதும் வெவ்வேறு இன்ஜினுக்குச் சரியாகத்தான் இருக்கும். என் இன்ஜினுக்கு எது சரி என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அந்த மூன்று வாரத்துக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், பிடித்திருப்பது இன்ஜின்தானா என்று பார்க்க வேண்டும். இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் ஸ்டார்ட்டரின் சின்னப் பல்சக்கரமான பினியன், ஃபிளைவீல் (கிராங்க் முனையில் உள்ள கனத்த சக்கரம்) பற்களில் சிக்கிக்கொண்டாலும் இன்ஜின் இதே மாதிரிதான் அசையாமல் நிற்கும். ஸ்டார்ட்டர் போல்ட்டைத் தளர்த்திப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். கிளட்ச்சை மிதித்து, கியரை நியூட்ரலில் போட்டு, பி.டி.ஓ.வை (ரோட்டவேட்டரைச் சுழற்றும் தண்டு) விடுவித்துவிட்டு ஒருமுறை சுற்றிப் பாருங்கள். அப்புறம் சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைக் கழற்றிவிட்டுச் சுற்றுங்கள். சிலிண்டருக்குள் தண்ணீரோ டீசலோ நிறைந்திருந்தால் பிஸ்டன் மேலே வர முடியாது, திரவத்தை அமுக்கவா முடியும்? இன்ஜெக்டர் துளை வழியாக அது பீய்ச்சிக்கொண்டு வெளியே வந்தபின் இன்ஜின் தாராளமாகச் சுற்றினால், பல ஆயிரம் ரூபாய் அப்போதே மிச்சம். பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கன்ராடு வளைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் பக்கம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. இன்ஜின் பிடித்துக்கொண்டால் இன்னொரு டிராக்டரில் கயிறு கட்டி இழுத்து, மூன்றாவது கியரில் போட்டு கிளட்ச்சை விடுவார்கள். சில நேரம் இன்ஜின் விடுபடவும் செய்யும். விடுபடாதபோது கன்ராடு வளையும், பிஸ்டன் பாவாடை (அதன் கீழ்ப்பகுதி) கிழியும், கியர் பல் உடையும். ஐயாயிரத்தில் முடிய வேண்டியதை ஐம்பதாயிரத்துக்குக் கொண்டுபோகும் வேலை அது. இரண்டு பேர் கயிற்றோடு வந்து நின்றபோது, தோப்பில் வேலை இருக்கிறது என்று பொய் சொல்லி அனுப்பிவிட்டேன்.

சரி, இன்ஜினேதான் பிடித்திருக்கிறது. எப்படிப் பிடித்தது என்பது அடுத்த கேள்வி. என்னைக் கேட்டால் முக்கால்வாசி முடிவு இதிலேயே கிடைத்துவிடும்.

சும்மா நின்று துருப்பிடித்து இறுகியது ஒரு வகை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் பவர் டில்லருக்கு நடந்தது இதுதான். ஐப்பசி அடைமழையில் வெட்டவெளியில் நின்றது. சைலன்சர் வாயில் எப்போதும் ஒரு சிரட்டையைக் கவிழ்த்து வைப்பார், அந்த வருடம் மறந்துவிட்டார். எக்ஸாஸ்ட் வால்வு திறந்த நிலையில் இன்ஜின் நின்றிருக்க வேண்டும். தண்ணீர் நேரே சிலிண்டருக்குள் இறங்கிவிட்டது. தை மாதம் ஹேண்டில் போட்டால் கல் மாதிரி நிற்கிறது. இந்த வகைதான் இருப்பதில் நல்ல வகை. ஓடும்போது எதுவும் உரசவில்லை, பேரிங்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குக்கும் சிலிண்டரின் உட்சுவரான லைனருக்கும் நடுவே துரு பசைபோல ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். அவர் இன்ஜெக்டர் துளை வழியாக டீசலும் கியர் ஆயிலும் கலந்து ஊற்றி, ஒரு வாரம் ஊறவைத்து, தினமும் ஃபிளைவீலை முன்னும் பின்னும் லேசாக ஆட்டிக்கொண்டே இருந்தார். எட்டாம் நாள் விடுபட்டது. வண்டி கிளம்பியது, நீலப் புகையும் கிளம்பியது. பிறகு சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி, லைனரை ஹோனிங் செய்து (உட்சுவரை லேசாகத் தேய்த்துச் சீராக்கி), ரிங் செட் மட்டும் மாற்றினார். துரு மேலாப்பில் இருந்ததால் அது போதுமானதாக இருந்தது. லைனர் சுவரில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி விழுந்திருந்தால் எத்தனை ரிங் மாற்றினாலும் ஆயில் எரியத்தான் செய்யும், லைனரையே மாற்ற வேண்டும்.

ஆயில் இல்லாமல் ஓடிப் பிடித்தது இன்னொரு வகை. இது மோசமானது. பிஸ்டன் உரசுவதற்கு முன்பே கன்ராடு பேரிங் போய்விடும். பேரிங்கின் மெல்லிய உலோகம் உருகி கிராங்க்கில் அப்பிக்கொள்ளும். பேரிங் தன் இருக்கையிலேயே சுழன்றுவிட்டால் கன்ராடின் பெரிய துளையும் கெட்டுவிடும். கிராங்க் ஜர்னல் (பேரிங் உட்காரும் இடம்) நீலம் பாய்ந்திருந்தால் அது எவ்வளவு சூட்டைப் பார்த்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். அதைக் கிரைண்டிங் செய்து போட்டாலும், விரிசல் சோதனை செய்யாமல் நான் நம்ப மாட்டேன். இந்த வகையில் கிராங்க், கன்ராடு, பேரிங், பிஸ்டன், லைனர், ஆயில் பம்ப் என்று சங்கிலியாகச் செலவு இழுக்கும்.

சூட்டில் பிடிப்பது மூன்றாவது, அதாவது என் கேஸ். பிஸ்டன் அலுமினியம், லைனர் வார்ப்பிரும்பு. அதே சூட்டுக்கு அலுமினியம் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். குளிர்ச்சி நின்றதும் பிஸ்டன் பெருத்து, ஆயில் படலத்தைக் கிழித்து, லைனர் சுவரில் தன் உலோகத்தைத் தேய்த்து ஒட்டிவிடுகிறது. ஆறியபின் சில இன்ஜின் தானாக விடுபடும். ‘பாத்தியா, ஒண்ணும் ஆகல’ என்று மறுபடி ஓட்டுவார்கள். கீறல் விழுந்த லைனரும், சூட்டில் விறைப்பு இழந்த ரிங்கும் சேர்ந்து ஆறு மாதத்தில் கணக்கைத் தீர்க்கும். ஆனால் இந்த வகையில் ஒரு ஆறுதல் உண்டு. ஆயில் இருந்ததால் கீழே கிராங்க்கும் பேரிங்கும் பிழைத்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. மேலே ஹெட் வளைந்திருக்கவும் அதே அளவு வாய்ப்பு இருக்கிறது.

எந்த வகை என்று திறக்காமலே ஓரளவு ஊகிக்கலாம். ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் வடித்து வெயிலில் வைத்துப் பாருங்கள். பால் நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மினுமினுவென்று பொடி தெரிந்தால் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை அருகே கொண்டுபோங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் மினுங்கினால் பிஸ்டன் அலுமினியமோ பேரிங் உலோகமோ. என் ஆயில் கருகல் வாடை அடித்தது, கெட்டித்தன்மை போய் இளகியிருந்தது, ஆனால் பெரிய துகள் எதுவும் இல்லை. மெக்கானிக் விரலில் தேய்த்து முகர்ந்துவிட்டு, “கிராங்க் தப்பிச்சிருக்கும்ணே, பாத்துக்கிருவோம்” என்றார்.

இதற்கு நடுவே மச்சான் ஒரு புரோக்கரைக் கூட்டிவந்துவிட்டார். புரோக்கர் வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார், டயரை உதைத்தார், 55,000 என்றார். எங்கள் வண்டி வயதுக்கு, ஓடும் நிலையில் இருந்தால் 1,30,000 வரை போகும் என்று நாலு இடத்தில் விசாரித்து வைத்திருந்தேன். இடையில் உள்ள 75,000 எங்கே போகிறது? அவர் என் இன்ஜினைத் திறந்து பார்க்கவில்லை. அதனால் உள்ளே இருப்பதிலேயே மோசமானதை, அதாவது கிராங்க் போயிருக்கும், பிளாக் விரிசல் விட்டிருக்கும் என்று வைத்துத்தான் விலை சொல்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அந்தப் பயத்துக்கு நான் ஏன் பணம் கொடுக்க வேண்டும்? ஹெட்டையும் ஆயில் சம்ப்பையும் (அடியில் ஆயில் தங்கும் தொட்டி) கழற்றிக் காட்ட மெக்கானிக் கேட்டது 1,500 ரூபாய். விற்பதாகவே இருந்தாலும் அந்த 1,500-ஐச் செலவழித்துவிட்டுத்தான் விற்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

திறப்பதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். அதிகபட்சம் இவ்வளவுதான் என்று ஒரு தொகையை நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டேன். 45,000. ஓடும் வண்டியின் விலையில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய கணக்கு. இன்ஜினைப் பிரித்துப் போட்டபின் மனசு ஒரு மாதிரி ஆகிவிடும். ‘இவ்வளவு பண்ணிட்டோம், இதையும் மாத்திருவோம்’ என்று ஒவ்வொன்றாகத் தலையாட்டிக்கொண்டே போவோம். முன்பு ஒரு ஜீப்புக்கு அப்படித் தலையாட்டியவன் நான்.

திறந்தபோது பிஸ்டன் பாவாடையில் இரண்டு பக்கமும் கோடு கோடாக இழுத்திருந்தது. லைனரில் நகம் தட்டும் அளவுக்குக் கீறல். ஹெட்டின் மேல் நேர்ச்சட்டம் வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்தால், நடுவில் பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பள்ளம். கீழே கன்ராடு மூடியைத் திறந்தபோது பட்டறையில் எல்லோரும் குனிந்து பார்த்தோம். பேரிங் மங்கலான சாம்பல் நிறத்தில், கீறலின்றி இருந்தது. கிராங்க் ஜர்னல் பளபளப்பாக இருந்தது. மைக்ரோமீட்டரில் அளந்ததில் தேய்மானம் வரம்புக்குள். கிரைண்டிங் தேவையில்லை, பாலிஷ் போதும்.

எங்கள் இன்ஜினில் இருப்பது வெட் லைனர். லைனரின் வெளிப்பக்கத்தைத் தண்ணீர் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்கும், கீழே ரப்பர் ஓ-ரிங் தண்ணீரை நிறுத்தும். இந்த வகையில் சிலிண்டர் கெட்டால் பிளாக்கைத் தூக்கிக்கொண்டு போரிங் போட (துளையைக் கடைந்து பெரிதாக்க) லேத்துக்குப் போக வேண்டியதில்லை. பழைய லைனரை இழுத்துவிட்டுப் புதிதை இறக்கினால் சிலிண்டர் புதுசு. பிஸ்டன், ரிங், பின், லைனர் எல்லாம் ஒரே பெட்டியில் ஜோடியாகக் கிடைக்கும். பிரித்துக் கட்டும் முடிவுக்கு இது பெரிய பலம். உங்கள் இன்ஜின் எந்த வகை என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிளாக்கிலேயே போர் உள்ள இன்ஜின் என்றால் ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும், அல்லது ஸ்லீவ் இறக்க வேண்டும். அதற்கு நல்ல போரிங் மிஷினும் அதைவிட நல்ல ஆளும் வேண்டும். மதுரைக்காரர்களுக்கு அதில் கவலை குறைவு. டி.வி.எஸ். பஸ் ஓட்டித் தொடங்கிய ஊர் இது. கே.புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் போனால் கிராங்க்கைக் கையில் தூக்கிப் பார்த்தே ‘கால் மில்லி போயிருக்கு’ என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். சொன்ன பிறகு அளந்தும் பார்ப்பார்கள், அதனால்தான் நம்புகிறேன்.

இனி, பிரித்துக் கட்டுவதற்கு எதிரே நின்ற மற்ற வழிகள்.

ஹாஃப் இன்ஜின், அதாவது வேறு வண்டியிலிருந்து கழற்றிய பிளாக், கிராங்க், பிஸ்டன் சகிதம் கிடைக்கும் பழைய இன்ஜின், 38,000 சொன்னார்கள். இரண்டே நாளில் வண்டி ஓடும் என்பது உண்மையிலேயே ஆசை காட்டியது. ஆனால் அது எத்தனை மணி நேரம் ஓடியது, அந்த வண்டி எதற்காகக் கழிக்கப்பட்டது என்ற கேள்விக்குக் கடையில் பதில் இல்லை. என் இன்ஜினில் கெட்டது எது என்று எனக்குத் தெரியும், அதில் கெடப்போவது எது என்று யாருக்கும் தெரியாது. மேலும் ஆர்.சி. புத்தகத்தில் இன்ஜின் எண் இருக்கிறது. மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முறையாகப் பதிய வேண்டும், இல்லையென்றால் விற்கும்போதும் இன்சூரன்ஸ் கேட்கும்போதும் இடிக்கும். என் பிளாக்கே விரிசல் விட்டிருந்தால் இதற்குத்தான் போயிருப்பேன். அந்த ஒரு நிலைமைக்கு இது நல்ல வழி.

புதிய வண்டி. ஆசை இல்லை என்று சொல்ல மாட்டேன். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்ததில், இந்த அளவு வண்டிக்கே ஏறத்தாழ இருபதாயிரம் குறைகிறது. வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும், உச்சவரம்புக்கு உட்பட்டு மானியம் உண்டு. உழவன் செயலியிலும் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் பதிவு வரிசையும் வருட ஒதுக்கீடும் நம் அவசரத்துக்கு ஓடாது. எனக்கு வைகாசியில் வண்டி வேண்டும். எழுதிவைத்துக் காத்திருப்பது தனி, இன்றைக்குக் களை எடுப்பது தனி. மானியம் இல்லாமல் கணக்குப் போட்டால் எனக்குச் சொன்ன விலை 3,20,000. பழசை அப்படியே தள்ளிவிட்டாலும் கையிலிருந்து இரண்டரை லட்சத்துக்கு மேல் போட வேண்டும்.

சொந்த வண்டியே வேண்டாம், வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பதும் ஒரு நியாயமான வழிதான், நம் ஆட்கள் அதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பதால் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நான் சேர்த்தேன். வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரை நான் கடைசியாக உழவன் செயலியில் பதிந்து எடுத்தபோது மணிக்கு 500 ரூபாய். தனியாரிடம் சின்ன வண்டியும் ரோட்டவேட்டரும் சேர்த்து 700. துறை வண்டி தென்னைக்கு நன்றாக ஒத்துவரும். 25 அடி இடைவெளியில் பெரிய டிராக்டர் தாராளமாகத் திரும்பும். ஆனால் எங்களுக்கு ஒரு ஏக்கர் மல்லிகையும் இருக்கிறது, நாலு அடி இடைவெளியில் செடி. அங்கே பெரிய வண்டியை விட்டால் பூவுக்குப் பதில் விறகுதான் மிஞ்சும். பூ உச்சத்தில் இருக்கும் பங்குனி, சித்திரை, வைகாசியில்தான் தனியார் சின்ன வண்டிக்கு ஊரே வரிசையில் நிற்கும். மழை பெய்து மண் பதமாக இருக்கும் அந்த இரண்டு நாளில் வண்டி கிடைக்காது. மூன்றாம் நாள் மண் இறுகிவிடும்.

எண்ணில் போட்டால் இப்படி வருகிறது. என் வண்டி மணிக்கு இரண்டு லிட்டருக்குள் டீசல் குடிக்கும், தாராளமாக 185 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆயில், டயர், பிளேடு தேய்மானம் என்று ஒரு நூறு. ஆக 285. வாடகை 700 என்றால் சொந்த வண்டியில் ஓட்டும் ஒவ்வொரு மணிக்கும் எனக்கு 415 மிச்சம். நானே ஓட்டுவதால் டிரைவர் கூலி இல்லை, என் இடுப்பு வலிக்கு விலை போடவில்லை. இன்ஜின் வேலைக்கு 30,000 செலவாகி அது ஐந்து வருடம் தாங்கினால் வருடத்துக்கு 6,000. அதை 415-ஆல் வகுத்தால் வருடம் பதினைந்து மணி நேரம் ஓட்டினாலே வேலைக்குப் போட்ட பணம் திரும்பிவிடுகிறது. புதிய வண்டிக்கு இதே கணக்கைப் போட்டேன். இரண்டே முக்கால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான பணத்தைப் பத்து வருடத்துக்குப் பங்கிட்டு, வட்டியும் சேர்த்தால் வருடத்துக்கு 39,000 பக்கம் வருகிறது. அதற்குத் தொண்ணூறு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். நான் ஓட்டுவது வருடம் நூற்றுப் பத்து மணி நேரம். அதாவது புதிது வாங்கினாலும் நஷ்டமில்லை, ஆனால் பெரிய லாபமும் இல்லை. வருடம் பத்து மணி நேரமே ஓட்டுகிறவர் என்றால் பழையதைக் கட்டுவதும் வீண், பேசாமல் வாடகைக்கு எடுக்கலாம்.

மேலூர் பக்கம் சித்தப்பாவின் பவர் வீடர் (களையெடுக்கும் சின்ன இயந்திரம்) கதை இதற்கு நேர் எதிர். அது பெட்ரோலில் ஓடும், காற்றில் குளிரும், 200 சிசியைச் சுற்றியுள்ள சின்ன இன்ஜின். அரை லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் ஆயில் பிடிக்கும். ஆயில் பம்ப்பும் கிடையாது. கன்ராடின் அடியில் உள்ள ஒரு கரண்டி ஆயிலைக் கோரி அடித்து மேலே தெளிக்கும். வரப்பு ஓரத்தில் சாய்த்துப் பிடித்து ஓட்டினால் கரண்டிக்கு ஆயில் எட்டாது. சித்தப்பா கரையோரமாகவே காலை முழுக்க ஓட்டியிருக்கிறார். அந்தக் கன்ராடு அலுமினியம், தனி பேரிங் கூட இல்லை, நேரே கிராங்க்கில் உட்காரும். இழுத்துப் பிடித்தபோது கன்ராடு உலோகம் கிராங்க்கில் பற்றவைத்ததுபோல் அப்பிக்கொண்டது. காஸ்டிக் சோடா கரைசல் அலுமினியத்தைத் தின்றுவிட்டு இரும்பை விட்டுவிடும் என்பதால் பட்டறையில் அப்படிச் சுத்தம் செய்வதுண்டு. செய்து பார்த்ததில் அடியில் கிராங்க் பள்ளம் விழுந்திருந்தது. கிராங்க், கன்ராடு, பிஸ்டன், கேஸ்கட், கூலி என்று 6,500 வந்தது. அதே அளவு புது இன்ஜின் 9,500. சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் யோசிக்காமல் புதிதை வாங்கச் சொன்னேன். ஷாஃப்ட் தடிமன், சாவிப் பள்ளம், அடி போல்ட் துளைகள் மூன்றும் பழையதோடு பொருந்துகிறதா என்று அளந்துகொண்டு போனோம், ஒரு மணி நேரத்தில் மாட்டியாயிற்று. மினி டிராக்டர் வைத்திருக்கிறவர்களிடம் நான் சொல்வதை வீடர் வைத்திருக்கிறவர்கள் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் வண்டிக்கு வருகிறேன். கட்டுவது என்று முடிவானபின் எங்கே சிக்கனம் பிடிக்கலாம், எங்கே கூடாது என்று மெக்கானிக்கோடு இரண்டு சாயங்காலம் பேசினேன். லைனர் செட் 6,800, அதில் மலிவானது 4,000-க்கும் இருந்தது, வேண்டாம் என்றார். ஹெட்டை லேத்தில் சமன் செய்து வால்வு சீட் கட்டிங் போட்டதற்கு 2,400. பேரிங் நன்றாகவே இருந்தாலும் பிரித்த கையோடு புதிது போட்டோம், 1,100 ரூபாய்க்காக மறுபடி சம்ப்பைக் கழற்ற முடியாது. இன்ஜெக்டர் நாசில் சோதனை, கேஸ்கட், ஓ-ரிங், ஆயில், ஃபில்டர், கூலி 8,000, வண்டியை ஏற்றி இறக்கிய வாடகை எல்லாம் சேர்த்து மொத்தம் 30,150. இதில் ரேடியேட்டரைப் பிரித்துக் குத்திச் சுத்தம் செய்தது, தெர்மோஸ்டாட், ஹோஸ், பெல்ட், புது டெம்பரேச்சர் மீட்டர் ஆகியவையும் அடக்கம், அது மட்டும் நாலாயிரத்தை ஒட்டி. இன்ஜினைக் கொன்ற காரணத்தை அப்படியே விட்டுவிட்டுப் புதுப் பிஸ்டன் போடுகிறவர்களை அதே பட்டறையில் பார்த்தேன். இரண்டாம் தடவை வந்திருந்தார் ஒருவர்.

பட்டறையில் பக்கத்தில் நின்று பார்க்க முடிந்தால் இரண்டு இடத்தில் நில்லுங்கள். ஒன்று, லைனரை இறக்கியபின். அதன் விளிம்பு பிளாக் தளத்தைவிட மயிரிழை மேலே நிற்க வேண்டும், கம்பெனி சொன்ன அளவுக்கு. தாழ்ந்திருந்தால் ஹெட் கேஸ்கட் சீக்கிரம் ஊதும். அடியில் துரு படிந்த இருக்கையைச் சுத்தம் செய்யாமல் இறக்கினால் லைனர் கோணலாக உட்காரும். இரண்டு, ரிங்கைப் பிஸ்டனில் ஏற்றும் முன். ஒவ்வொரு ரிங்கையும் லைனருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் சமமாகத் தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்க்க வேண்டும். 90 மில்லிமீட்டர் அளவு போருக்கு 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை இருப்பது வழக்கம். இடைவெளியே இல்லாமல் இறுக்கமாக இருந்தால் சூட்டில் வாய் முட்டி மறுபடி பிடித்துக்கொள்ளும். எங்கள் மெக்கானிக் இதை நான் கேட்காமலே செய்தார். கேட்டால் கோபித்துக்கொள்கிற மெக்கானிக்கிடம் இன்ஜினைக் கொடுக்காதீர்கள்.

வண்டி வைகாசி இருபதாம் தேதி வாக்கில் தோப்புக்குத் திரும்பியது. முதல் ஐம்பது மணி நேரம் பாரம் ஏற்றாமல் சும்மா முடுக்கிக்கொண்டு நிற்கவும் கூடாது, முழுப் பாரத்தில் வதைக்கவும் கூடாது என்று உத்தரவு. ரிங் லைனரில் உட்கார மிதமான பாரம் வேண்டுமாம். ஆகவே ரோட்டவேட்டரை ஆழம் குறைத்து, மல்லிகை வரிசைகளை மட்டும் ஓட்டினேன். இருபத்தைந்து மணியில் ஆயிலை மாற்றியபோது மறுபடி வெள்ளைத் தட்டு, வெயில், காந்தம். மெல்லிய சாம்பல் பொடி கொஞ்சம் காந்தத்தில் ஒட்டியது. “அது புது ரிங் உக்கார்ற பொடிண்ணே, அடுத்த மாத்துக்கு இருக்காது” என்றார் மெக்கானிக். அடுத்த மாற்று இன்னும் வரவில்லை.

மச்சான் போன வாரம் வந்து வண்டியைச் சுற்றி நடந்தார். நாளை அவர் வாழைக்கு அரை நாள் வேண்டுமாம். கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன், டெம்பரேச்சர் முள் எதுவரைக்கும் போகலாம் என்று கண்ணாடியில் சிவப்பு பெயிண்ட்டால் ஒரு கோடு போட்டுவிட்டு.